நாக்கு, தொடவில்லை, சரி

ஓமோரியின் நாக்கு மூன்று வாரமாக ஓரிடத்தில் இருக்கவில்லை. முகக்கவசத்துக்குள்ளே யாருக்கும் தெரியாமல் அது மேலே போனது, பின்னால் சுருண்டது, பல்லுக்கு வெளியே எட்டிப் பார்த்தது, வெட்கப்பட்டு உள்ளே ஓடியது. இரண்டு பெட்டி ரயிலின் கடைசியில், வெள்ளைக் கையுறை மாட்டி, தொப்பி கோணாமல் விறைப்பாக நிற்கிற கார்டைப் பார்ப்பவர்களுக்கு இந்த மனிதர் வாய்க்குள் இவ்வளவு கூத்து நடக்கிறது என்று தோன்றவே தோன்றாது.

எல்லாம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு சுற்றறிக்கையால் வந்தது. ஹிசாகே பள்ளத்தாக்கு ரயிலில் டிசம்பர் முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு நிலையத்துக்கு முன்னும் கார்டு தன் சொந்தக் குரலில் ஆங்கிலத்திலும் அறிவிக்க வேண்டும். பதிவுசெய்த குரல் இயந்திரம் மாதிரி இருக்கிறது என்று வெளிநாட்டுப் பயணிகள் சொன்னார்களாம். சொன்னவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், அகப்பட்டுக்கொண்டது ஓமோரி. நவம்பர் கடைசியில் தேர்வு. தேர்வாளர் வண்டியிலேயே உட்கார்ந்து கேட்பார். தேறாதவர்கள் மார்ச்சில் நடக்கும் மறுதேர்வு வரை குசாமா நிலையத்து சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சைக்கிள் நிறுத்துமிடம் ஒன்றும் நரகமில்லை. கூரை இருக்கிறது, ஹீட்டர் இருக்கிறது. ஆனால் அது நகராது. ஓமோரி இருபத்துநான்கு வருடமாக நகருகிற தரையில் நின்றவர். விடுமுறை நாளில் வீட்டுக்குள் அறைக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து பாயைத் தேய்த்துவிடுவார். "இந்த மனுஷனை யாராவது வண்டியில ஏத்தி விடுங்களேன்" என்று மனைவி சனாயே சுவரைப் பார்த்துச் சொல்வாள். நான்கு மாதம் ஒரே இடத்தில் உட்கார்ந்து சைக்கிள்களைப் பார்ப்பதை நினைத்தாலே அவருக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது.

சுற்றறிக்கையோடு வந்த அட்டையில் இருந்ததென்னவோ மூன்றே வரி. அடுத்த நிலையம் இது, இடதுபக்கக் கதவு திறக்கும், எங்களோடு பயணம் செய்ததற்கு நன்றி. அந்த மூன்று வரிக்குள் ஜப்பானிய வாய்க்கு வராத ஒலிகளையெல்லாம் யாரோ வேலை மெனக்கெட்டுப் பொறுக்கிப் போட்டு வைத்திருந்தார்கள். "த நெக்ஸ்ட் ஸ்டேஷன்" என்று தொடங்க வேண்டிய இடத்தில் ஓமோரி "ஸா நெகுஸுதோ ஸுதேஷோன்" என்றார். "லெஃப்ட்" அவர் வாயில் "ரெஹுதோ" ஆனது. மெய்யெழுத்து தனியாக நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு உயிரைத் துணைக்கு அனுப்பிவிடுவார். "பஸ்ஸு வந்துச்சு, காரு போச்சு" என்று பேசுகிற நாம் இதற்குச் சிரிப்பது அவ்வளவு நியாயமில்லை.

அவருக்கு வாத்தியார் வீட்டிலேயே இருந்தாள். மகள் ஷியோரிக்குப் பதின்மூன்று வயது. எந்த நாட்டுக்கும் போனதில்லை, டியூஷனும் கிடையாது. அவளுக்கு வாய்த்தது காது. ஐந்து வயதில் நிலையத்து மணியோசையை அப்படியே பாடுவாள், பக்கத்து வீட்டு நாயை அதன் குரலிலேயே ஏமாற்றுவாள். பிறகு நியூசிலாந்தில் யாரோ ஒரு பெண்மணி ரொட்டி சுடுகிற காணொளிகளைப் பார்க்கத் தொடங்கினாள். ரொட்டி வரவில்லை, ஆங்கிலம் வந்துவிட்டது.

"அப்பா, முதல்ல என் பேரைச் சொல்லுங்க."

"ஷியோரி."

"அந்தக் கடைசி 'ரி' சொல்றப்ப நாக்கு என்ன பண்ணிச்சு?"

போர்வை போட்டு அடியில் ஹீட்டர் வைத்த மேசைக்குள் காலை நீட்டிக்கொண்டு ஓமோரி நான்கைந்து தடவை சொல்லிப் பார்த்தார். "மேல ஒரு தட்டு தட்டிச்சு."

"தட்டிட்டு ஓடி வந்துடுச்சு இல்ல? அதான் நம்ம ஊரு ரி. இங்கிலீஷ்ல எல் வந்தா, தட்டிட்டு ஓடக் கூடாது. அங்கேயே உக்காரணும். ஆர் வந்தா தட்டவே கூடாது. நாக்கு பின்னால போய் அந்தரத்துல நிக்கணும். எதையும் தொடக் கூடாது."

"தொடாம எப்படிடி சத்தம் வரும்?"

"வரும். நீங்க தொடாம இருங்க, வரும்."

நமக்கு இது பெரிய விஷயமில்லை. ழகரம் சொல்லத் தெரிந்த நாக்குக்கு அந்தரத்தில் நிற்பது பழக்கம். பாவம் ஓமோரி, ஐம்பது வயதை எட்டுகிறவர், நாக்கை நிறுத்தப் போய்த் தோளையும் புருவத்தையும் சேர்த்து நிறுத்தினார். சனாயே முள்ளங்கியும் மீன் உருண்டையும் கொதிக்கிற பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உங்கப்பாவுக்கு வலிப்பு ஏதும் வந்திருக்கா பாரு" என்றாள்.

அடுத்து ஷியோரி எஃபுக்கு வந்தாள். "நாம ரெண்டு உதட்டையும் குவிச்சு, சூப்பை ஆத்தற மாதிரி ஊதிடறோம். அது இல்ல. மேல்பல்லைக் கீழ்உதட்டு மேல வைங்க. கடிக்காதீங்க, சும்மா வைங்க. இப்பக் காத்தை விடுங்க. அவ்வளவுதான். அதையே குரலோட சொன்னா வி. நீங்க சொல்றது பி, ரெண்டு உதடும் ஒட்டுது." டி-எச் வந்தபோதுதான் ஓமோரி நெளிந்தார். நாக்கை இரண்டு பல்வரிசைக்கும் நடுவே வெளியே காட்ட வேண்டுமாம். முகக்கவசத்துக்குள்ளே என்றாலும், பயணிகளுக்கு நாக்கைக் காட்டுவதா? அவர் கையால் வாயை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்தார். கையை எடுத்தால் பழையபடி "ஸா" வந்தது.

மூன்றாம் நாள்தான் அவருக்கு ஒரு வழி பிடிபட்டது. ரயில்காரர்களுக்கு எதையும் விரலால் சுட்டி, வாய்விட்டுச் சொன்னால்தான் அது நடந்தது என்று அர்த்தம். சிக்னலைச் சுட்டி, "பச்சை, சரி" என்பார்கள். கதவைச் சுட்டி, "மூடியது, சரி" என்பார்கள். கண் ஏமாந்தாலும் விரலும் வாயும் ஏமாறாது என்பது அந்தத் தொழிலின் நம்பிக்கை. ஓமோரி சனாயேயின் கைக்கண்ணாடியை எதிரே நிறுத்தி, வலது ஆட்காட்டி விரலைத் தன் வாய்க்கு நேராக நீட்டினார்.

"நாக்கு, தொடவில்லை, சரி."

பிறகு ஒரு ஆர் சொன்னார். அது ஆர் ஆகவே வந்தது. ஷியோரி சிரித்துச் சிரித்து மேசைக்குக் கீழே போய்விட்டாள். அங்கிருந்தே, "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று கத்தினாள். "பல், உதட்டின் மேல், சரி" என்று எஃப் சொன்னார், அதுவும் வந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் ஓமோரியை விடப் பெருமையாக ஷியோரிதான் இருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் பள்ளியில் பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கும் நாள். வழக்கமாகச் சனாயே போவாள். இந்தத் தடவை, "ஆங்கில வகுப்பாமே, நான் போறேன்" என்று ஓமோரி அரை நாள் விடுப்பு எடுத்தார். விருந்தினருக்கான செருப்பு அவர் காலுக்கு ஒரு விரல் சின்னது. வகுப்பின் பின்சுவரை ஒட்டி அம்மாக்கள் வரிசையில் ஒரே அப்பாவாக, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். வாய்க்குள் நாக்கு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

ஆசிரியை, ஷியோரியை எழுப்பிப் படிக்கச் சொன்னார். சிவப்பு இலைகள் ஆற்றில் விழுகிற பாடம், ஆரும் எல்லும் எஃபும் வியுமாக நிறைந்தது. ஓமோரி மூச்சைப் பிடித்துக்கொண்டார். இந்த அம்மாக்களெல்லாம் கேட்கட்டும் என்றிருந்தது அவருக்கு.

"ஸா ரெத்தோ ரீபுஸு ஹோரு ஒன் ஸா ரிபா" என்று படித்தாள் ஷியோரி.

ஒரு ஒலி தப்பவில்லை, அத்தனையையும் தட்டையாக்கியிருந்தாள். எல்லோரும் படிக்கிற மாதிரியே படித்துவிட்டு உட்கார்ந்தாள். ஆசிரியை "நன்று" என்றார். அம்மாக்கள் தலையசைத்தார்கள். ஓமோரிக்குக் காது சூடாகிவிட்டது. நேற்று இரவு சாப்பாட்டின்போது இதே வாய்தானே அவரைத் திருத்தியது?

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கேட்டார். "உனக்கு என்ன ஆச்சு? தொண்டை கட்டிக்கிச்சா?"

"இல்ல."

"பின்னே ஏன் அப்படிப் படிச்ச?"

"வகுப்புல அப்படித்தான் படிக்கணும்."

"யார் சொன்னா? டீச்சரா?"

ஷியோரி பையைக் கீழே வைத்தாள். "யாரும் சொல்ல மாட்டாங்க, அப்பா. முதல் பருவத்துல ஒரு தடவை நிஜமாப் படிச்சேன். யாரும் எதுவும் சொல்லலை. அப்படியே அமைதியா இருந்தாங்க. அப்புறம் என் வகுப்பு மாவோ, 'நேட்டிவ் இங்கிலீஷ் மகாராணி வர்றாங்க, வழி விடுங்க'ன்னா. ரெண்டு வாரம் அதான் என் பேரு. உங்களுக்கு அது புரியாது."

"அதுக்காக மறைக்கிறதா? எனக்கு அந்த ஒரு ஒலி வரணும்னு நாக்கு வெந்துபோய் அலையறேன். நீ அதைக் கையில வெச்சுக்கிட்டு மூடி மூடி வெக்கிற."

"நீங்க அங்க தினம் உக்கார வேண்டாம். நான் உக்காரணும்."

சனாயே சமையலறையிலிருந்து, "ரெண்டு பேரும் கையைக் கழுவிட்டு வந்து சண்டை போடுங்க" என்றாள். அதோடு பேச்சு நின்றது. ஓமோரிக்குக் கோபம் ஆறவில்லை. வேறு யாராவது மகளைப் பழித்தால் தாங்கியிருப்பார், அவளே தன்னைக் குறைத்துக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை. ஆனாலும் மறுநாள் சாயங்காலம் பாடம் வழக்கம்போல் நடந்தது. இருவரும் அந்தப் பேச்சை எடுக்காமல் எச்சரிக்கையாக எல் சொன்னார்கள், ஆர் சொன்னார்கள்.

குட்டு உடைந்தது பத்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு பத்து வண்டியில்.

குசாமாவில் பள்ளி விட்டதும் பிள்ளைகள் எல்லாம் ஏறுகிற வண்டி அது. பழகிக்கொள்ள இப்போதே ஆங்கிலத்திலும் அறிவிக்கத் தொடங்கியிருந்த ஓமோரி ஒலிவாங்கியை இடது கையில் எடுத்தார். சுட்டுவதற்கு வலது கை வேண்டும். கண்ணாடிக் கதவில் தெரிந்த தன் முகத்தை நோக்கி விரலை நீட்டிச் சொன்னார், "நாக்கு, தொடவில்லை, சரி." இருபத்துநான்கு வருடப் பழக்கத்தில், ஒலிவாங்கியை எடுத்த கணமே இடது கட்டைவிரல் அதன் பொத்தானை அழுத்தியிருந்தது.

இரண்டு பெட்டியிலும் கணீரென்று கேட்டது. ஒரு கணம் யாரும் அசையவில்லை. கடுமையான அரசாங்க அறிவிப்பைக் கேட்டதுபோல் ஒரு கிழவர் தன் நாக்கைச் சரிபார்த்துக்கொண்டார். பிறகு பின்பெட்டியில் பள்ளிச் சீருடைக் கூட்டம் வெடித்தது. அதன் நடுவே மாவோ, அவள் பக்கத்தில் ஷியோரி. மாவோ விரலைத் தன் வாய்க்கு நேரே நீட்டி, "நாக்கு, சரி" என்று ஷியோரியைப் பார்த்துச் சொன்னது கண்ணாடி வழியாக ஓமோரிக்கு உதட்டசைவிலேயே தெரிந்தது. உதட்டைப் படிக்கத்தான் அவர் இரண்டு வாரமாகப் பயின்றிருந்தாரே.

அன்று வீட்டில் பாடம் நடக்கவில்லை. ஷியோரி சாப்பிட்டாள், கிண்ணத்தை வைத்தாள், அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"அது என் அப்பான்னு எல்லாருக்கும் தெரியும்."

"தெரியாம அழுத்திட்டேன்."

"அது மட்டும் இல்ல. அதுக்கப்புறம் சொன்னீங்களே, அந்த ஆர், அந்த எஃப். நீங்க புருவத்தைத் தூக்கிக்கிட்டுச் சொல்றதை மாவோ ஃபோன்ல எடுக்கப் போறாளாம். மத்த வண்டியில எப்படி வேணா பேசுங்க. நாங்க இருக்கிற வண்டியில எல்லாரும் பேசற மாதிரி பேசுங்க. ப்ளீஸ்."

அந்த 'ப்ளீஸ்' மட்டும் பழக்க தோஷத்தில் அசலாக வந்துவிட்டது. எல் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. அவளே அதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை அறிவிப்புப் பலகையில் தேர்வு அட்டவணை ஒட்டியிருந்தார்கள். ஓமோரி, அடுத்த புதன், நான்கு பத்து வண்டி. சக கார்டு குஸே, இளைஞன், கல்லூரியில் ஆங்கிலம் படித்தவன், காலை வண்டி வாங்கியிருந்தான். "அண்ணே, ஸ்கூல் வண்டியா மாட்டிச்சு? பாவம்ணே" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பை மறைக்கத் தேநீர்க் கோப்பைக்குள் மூஞ்சியை விட்டான். மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கும் ரகமில்லை ஓமோரி. கேட்டாலும் அவன் மாற்றியிருக்க மாட்டான்.

ஷியோரியிடம் சொன்னார். அவள், "நான் லைப்ரரில இருந்துட்டு அஞ்சு நாப்பதுக்கு வர்றேன்" என்றாள். "நான் இல்லேன்னா நீங்க எப்படி வேணா பேசலாம்." ஓமோரிக்கு அது நியாயமாகவும் பட்டது, நெஞ்சில் எங்கோ முள்ளாகவும் பட்டது. இருந்தாலும் ஒப்புக்கொண்டார். செவ்வாய் முழுக்க நடந்துகொண்டே இருந்தார். குளியல் தொட்டியில் உட்கார்ந்து எஃப் சொன்னார், துடைப்பத்தோடு வாசலில் நின்று டி-எச் சொன்னார். இப்போது கையால் மறைக்காமலே நாக்கு வெளியே வந்தது. இந்த வயதில் தன் வாய்க்குள் புதிதாக ஒரு அறை திறந்துகொண்டது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

புதன் மதியம் வானம் ஈயம் மாதிரி இறங்கி நின்றது. மாலை கடும் பனி என்று எச்சரிக்கை வந்தது. குசாமா நடைமேடையில் கதவருகே நின்று பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்த ஓமோரி, சீருடைக் கூட்டம் வழக்கத்தைவிடப் பெரிதாக வருவதைப் பார்த்தார். பள்ளி, நூலகத்தையும் விளையாட்டையும் மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கூட்டத்தின் நடுவில் மாவோ ஷியோரியின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். ஷியோரி அப்பாவைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள். என் கையில் இல்லை என்று அதற்கு அர்த்தம்.

பின்பெட்டியில் நடு இருக்கையில் தேர்வாளர் இனோகுமா உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, மடியில் கோப்பு, கையில் கூராகச் சீவிய பென்சில். அவருக்கு எதிரே பெரிய பைகளோடு ஒரு வெளிநாட்டுத் தம்பதி. கார்டின் கண்ணாடியை ஒட்டி மாவோவும் ஷியோரியும் இன்னும் இரண்டு பெண்களும். மாவோ ஃபோனை மார்புக்கு நேரே உயர்த்தித் தயாராக வைத்திருந்தாள்.

வண்டி புறப்பட்டது. ஓமோரி ஜப்பானிய அறிவிப்பை முடித்தார். இனி மற்றது. நாக்கு தயாராகப் பின்னால் போய் அந்தரத்தில் நின்றது. வரும் என்று அவருக்குத் தெரிந்தது. மூன்று வாரத்தில் முதல் தடவையாகச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. கண்ணை உயர்த்தினார். ஷியோரி தன் காலணி முனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அடி விழப்போகிறது என்று தெரிந்த பிள்ளை நிற்பதுபோல், தோளைக் குறுக்கிக்கொண்டு.

வகுப்பின் பின்சுவரில் சாய்ந்துகொண்டு அவளைக் குறைசொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது. நாற்பது கண்ணுக்கு முன்னால் வாயைத் திறக்கிற இடத்தில் நின்றால் தெரிகிறது. அந்தரத்தில் நின்ற நாக்கை ஓமோரி பழைய இடத்துக்கு இறக்கினார். சைக்கிள் நிறுத்துமிடத்தின் ஹீட்டர்கூட ஒரு கணம் கண்முன் வந்துபோனது. போகட்டும் என்று நினைத்தார்.

"ஸா நெகுஸுதோ ஸுதேஷோன் இஸு ஹொரிபே. ஸா தோஆஸு ஒன் ஸா ரெஹுதோ ஸைதோ உயிரு ஓபுன்."

மாவோ ஃபோனைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, "சீ, ஒண்ணுமில்ல" என்று பைக்குள் போட்டாள். பெண்கள் வேறு பேச்சுக்குப் போனார்கள். இனோகுமாவின் பென்சில் சிறிதாக எதையோ எழுதியது. வெளிநாட்டுக்காரர் மனைவியைப் பார்க்க, அவள் தோளைக் குலுக்கினாள். ஷியோரி மட்டும் தலையை நிமிர்த்தினாள்.

அவள் நிம்மதியாகச் சிரிப்பாள் என்று ஓமோரி எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. அவரையே பார்த்தாள். அடுத்த நிலையம் சுகெனோ. "ஸா நெகுஸுதோ ஸுதேஷோன்." அவள் முகம் சிவந்துகொண்டே போனது. அவருக்கு வராமல் இல்லை, வந்தும் வேண்டுமென்றே சொல்லவில்லை என்பது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். ஒவ்வொரு மெய்யாகத் தட்டையாக்கி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு உயிரை ஒட்டவைத்து, கவனமாக, ஒன்றுகூடத் தப்பாமல். அது யாருடைய வேலை என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? மூன்றாவது தொமுரா. மாவோ ஏதோ கேட்டாள், ஷியோரிக்குக் காதில் விழவில்லை.

நான்காவது நிகோரி, அவர்கள் ஊர். வண்டி நின்றது. ஓமோரி நடைமேடையில் இறங்கி, இறங்குகிறவர்களின் பாஸைப் பார்த்துத் தலைவணங்கிக்கொண்டு நின்றார். பனி விழத் தொடங்கியிருந்தது. மாவோ பாஸைக் காட்டிவிட்டுப் போனாள். பின்னாலேயே வந்த ஷியோரி அவருக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"தேங்க் யூ வெரி மச்" என்றாள்.

உரக்கத்தான் சொன்னாள். நாக்கு பல்லுக்கு நடுவே வந்தது, மேல்பல் உதட்டில் உட்கார்ந்தது, நாக்கு பின்னால் போய் அந்தரத்தில் நின்றது, கடைசி மெய் துணை யாருமில்லாமல் தனியாக நின்றது. திறந்திருந்த கதவு வழியாக உள்ளே இருந்தவர்களும் கேட்டார்கள். அந்த வெளிநாட்டுப் பெண்மணி ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள்.

நான்கடி முன்னால் போயிருந்த மாவோ திரும்பினாள். "என்னடி அது?"

ஷியோரி அப்பாவிடமே சொன்னாள், "இன்னும் மூணு ஸ்டேஷன் இருக்கு." பிறகு மாவோ, மற்ற பெண்கள், குடை விரித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வலது விரலைத் தன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"நாக்கு, தொடவில்லை, சரி."

ஓமோரிக்குக் கண் நிறைந்துவிட்டது. வேலை நேரத்தில் கார்டு கண்ணைத் துடைக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்தார், ஆறு நொடி தாமதம். கதவைச் சுட்டி, "மூடியது, சரி" என்றார். வண்டி நகர்ந்தபோது ஷியோரி நடைமேடையில் அதே இடத்தில் நின்றிருந்தாள். மூன்று பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். என்ன பேசினார்கள் என்று உதட்டைப் படிப்பதற்குள் பனி மறைத்துவிட்டது.

ஐந்தாவது நிலையம் ஃபுகசாவாவுக்கு முன்னால் அவர் முகக்கவசத்தைக் கழற்றினார். விரலை நீட்டினார், சொன்னார், பிறகுதான் பொத்தானை அழுத்தினார். அறிவிப்பு முடிந்ததும் இனோகுமா நிமிர்ந்து, வேறு யாரோ ஏறிவிட்டார்களோ என்று கார்டின் அறையை எட்டிப் பார்த்தார். அடுத்து ரொக்குமே. பிறகு கடைசி நிலையம் யுனோசவா. பயணம் செய்ததற்கு நன்றி என்கிற கடைசி வரியில் டி-எச், எஃப், ஆர், வி, எல் ஐந்தும் வரிசையாக நின்றன. ஓமோரி ஐந்தையும் தனித்தனியாக இறக்கிவிட்டார். வெளிநாட்டுக்காரர் இறங்கும்போது அவருக்குக் கையசைத்தார்.

இனோகுமா நடைமேடையில் காத்திருந்தார். "ஓமோரி சான், ஏழு நிலையம். முதல் நாலு பேசினது யாரு?"

"நான்தான்."

"கடைசி மூணு?"

"அதுவும் நான்தான்."

"நாலுக்கு மார்க் இல்லை. மூணுக்கு முழு மார்க். நான் கேட்டதிலேயே நல்ல மார்க் அதுதான். ஆனா ஏழுல அஞ்சு வேணும்." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "முடியும்னா ஏன் முதல்லயே பேசலை?"

ஓமோரி தொப்பியைக் கழற்றி வணங்கினார். "முதல்ல முடியலை" என்றார். அது பொய்யும் இல்லை. மார்ச் மறுதேர்வுக்கு அவர் பெயரை எழுதிக்கொண்டு இனோகுமா போய்விட்டார்.

பனியால் திரும்பி வருகிற வண்டி தாமதமானது. ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது சனாயே சூடாக அரிசிக் கஞ்சி வைத்திருந்தாள். "டிசம்பர்லேர்ந்து சைக்கிள்" என்றார். "சரி, நாலு மாசம் அங்க தரையைத் தேய்ங்க, வீட்டுப் பாய் பிழைச்சுது" என்றாள் சனாயே. சொல்லிவிட்டு அவர் தோளிலிருந்த பனியைத் தட்டிவிட்டாள், தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் தட்டினாள்.

ஷியோரி மேசையருகே உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"மாவோ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை. யாருமே ஒண்ணும் சொல்லலை. வீடு வரைக்கும் பேசாமலே வந்தாங்க." திரும்பவும் ஜன்னல் வரை போய் வந்தாள். "அப்பா, ஃபெயில் ஆயிட்டீங்களா?"

"ஆயிட்டேன்."

"என்னாலயா?"

"நாலு உன்னால. மூணும் உன்னாலதான். உக்காந்து சாப்பிடு."

அவள் உட்காரவில்லை. "நாளைக்கு ரெண்டாவது பீரியட் இங்கிலீஷ்" என்றாள். "என் வரிசைதான் படிக்கணும்."

ஓமோரி கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். அவர் நாக்கு மூன்று வாரத்துக்குப் பிறகு பேசாமல் படுத்திருந்தது. எதிரே ஷியோரி ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். வாய் இறுக மூடியிருந்தது. கன்னத்துக்குள்ளே நாக்கு மேலே போனது, பின்னால் போனது, ஓரிடத்தில் நிற்கவில்லை.